ஓடாத டெஸ்டும் பச்சைதான் காட்டும்: எச்ஸ்பெக் டிஸ்கவரா, டேஸ்டியா?

டெஸ்ட் (நம் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) தோற்றால் பரவாயில்லை, எங்கே உடைந்தது என்று தெரிந்துவிடும். ஓடவே ஓடாத டெஸ்டை நினைத்தால்தான் எனக்குப் பயம்: அது தோற்காததால் எல்லாம் பச்சை, அதாவது பாஸ் என்றே தெரியும். ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் நிரல் மொழிகளில் டெஸ்ட் என்பது பெரும்பாலும் வெறும் மதிப்பு. எழுதி வைத்தால் மட்டும் ஓடாது; நிரல் தொடங்கும் இடமான மெயினிலிருந்து அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். ஹாஸ்கெல்லில் அந்த வழியைப் போட்டுத் தர இரண்டு பிரபலமான கருவிகள் உண்டு: எச்ஸ்பெக் டிஸ்கவர், டேஸ்டி. இரண்டும் வெவ்வேறு இடத்தில் காலை வாரும்.

எச்ஸ்பெக் டிஸ்கவர் கோப்புகளைத் தானே தேடிச் சேர்க்கும். கோப்பின் பெயர் 'ஸ்பெக்' என்று முடிய வேண்டும், உள்ளே 'ஸ்பெக்' என்ற மதிப்பும் வேண்டும். மதிப்பு இல்லையென்றால் கம்பைல் ஆகாது, நல்லது. ஆனால் பெயரை 'யூசர்டெஸ்ட்' என்று முடித்துவிட்டால் அந்தக் கோப்பை அது கண்டுகொள்ளாது, எச்சரிக்கையும் வராது. இன்னொரு தொல்லை, பெயர் சரியாக இருந்தும் புதுக் கோப்பு சேராமல் போவது. பட்டியலை உருவாக்கும் மூலக் கோப்பில் ஒரு எழுத்தும் மாறாததால், ஹாஸ்கெல்லின் கம்பைலரான ஜிஎச்சி அதை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டுவிடக்கூடும். கிளீன் செய்து (பழைய கம்பைல் கோப்புகளை அழித்து) பில்ட் போட்டால் சேர்ந்துவிடும்.

டேஸ்டியில் டெஸ்டுகளை அடுக்கிய பட்டியலை, அதாவது மரத்தை, நாமே கையால் கட்டுகிறோம். சலிப்பான வேலைதான். ஆனால் மாட்யூலின் (ஒரு கோப்பின்) எக்ஸ்போர்ட் பட்டியலில், அதாவது வெளியே தெரியும் பெயர்களில், மரத்தை மட்டும் வைத்து, கம்பைலரின் '-வால்' எச்சரிக்கைகளையும் போட்டுவிட்டால், மரத்தில் சேர்க்க மறந்த டெஸ்டைக் கம்பைலரே 'பயன்படாத பெயர்' என்று காட்டிக்கொடுக்கும். எனக்கு டேஸ்டி பிடிக்க இதுதான் காரணம். அதன் ஓட்டை ஒரு படி மேலே இருக்கிறது: மெயினில் ஒரு மாட்யூலையே இம்போர்ட் செய்ய மறந்தால், அது கம்பைல் ஆகும், ஓடாது. டெஸ்ட் பெயர்களைப் பட்டியலிடும் '--லிஸ்ட்-டெஸ்ட்ஸ்' கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலர் சேர்ந்து தினமும் புதுக் கோப்புகள் சேர்க்கும் திட்டத்துக்கு டிஸ்கவர் சரி. சின்னக் குழுவுக்கு டேஸ்டியைத்தான் சொல்வேன்.

ஹாஸ்கெல்லின் இன்னொரு டெஸ்ட் நூலகமான எச்யூனிட்டை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: டெஸ்டுகளை ஓட்டும் அதன் 'ரன்டெஸ்ட்டிடி' தோல்விகளை எண்ணித் தரும், ஆனால் எக்ஸிட் கோட் எண்ணை (நிரல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) மாற்றாது. ஹாஸ்கெல் திட்டங்களை பில்ட் செய்யும் கருவியான கபால் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதால், தோற்ற டெஸ்டும் பாஸ் ஆகிவிடும்.

இன்னொரு ஃபங்ஷனல் மொழியான எஃப் ஷார்ப்பிலும் இதே மாதிரி ஒரு பொறி இருந்தது. எக்ஸ்யூனிட் என்ற டெஸ்ட் நூலகத்தில் 'இது டெஸ்ட்' என்று காட்டும் 'ஃபேக்ட்' குறி போட்ட டெஸ்டில், பெயருக்குப் பின் வெற்று அடைப்புக்குறியை எழுத மறந்துவிட்டால் அது ஃபங்ஷன் இல்லை, மதிப்பு. சத்தமில்லாமல் ஓடாமல் போகும். 2024இல் வந்த எஃப் ஷார்ப் 9தான் அதைக் கம்பைல் நேரத்திலேயே பிடிக்கத் தொடங்கியது.

எதை எடுத்தாலும், புது டெஸ்ட் எழுதியதும் வேண்டுமென்றே ஒருமுறை அதைத் தோற்க வைத்துப் பாருங்கள். சிவப்பு (தோல்வி) வரவில்லையா? டிஸ்கவர் என்றால் முதலில் கோப்பின் பெயர், அப்புறம் கிளீன் பில்ட். டேஸ்டி என்றால் மெயினில் இம்போர்ட் வரி.