கோயாசான் ஷுகுபோ: ஆசனம் கிடையாது, அதிகாலையில் ஹோமம் உண்டு

ஜப்பானில் யோகமும் சடங்கும் சேர்ந்த பயணம் வேண்டும் என்று தேடினால் வருபவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. காலையில் ஆசனப் பயிற்சி, பகலில் கியோத்தோவில் தேநீர்ச் சடங்கு, மாலையில் வெந்நீர் ஊற்று. உடம்புக்கு அது நல்ல ஓய்வு. ஆனால் சடங்கை எட்ட நின்று பார்த்தால் போதாது, அதற்குள் போய் உட்கார வேண்டும் என்பவர்கள் ஒசாகாவுக்குத் தெற்கே, வாகயாமா மாகாணத்து மலைமேல் இருக்கும் கோயாசானுக்குத்தான் போக வேண்டும். அங்கே கோயில்களிலேயே தங்கலாம். இந்தக் கோயில் தங்கலுக்கு ஷுகுபோ என்று பெயர். மலையில் 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய ஐம்பது விருந்தினரை ஏற்கின்றன.

முதலிலேயே சொல்லிவிட வேண்டியது: இங்கே யாரும் சூரிய நமஸ்காரம் சொல்லித் தர மாட்டார்கள். ஆனாலும் யோகம் என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாடத் தகுதியான இடம் இது. 816-இல் மன்னரின் அனுமதி பெற்று இந்த மலையில் குடியேறிய பௌத்தத் துறவி குக்காய், தன் மடத்துக்கு கொங்கோபுஜி என்று பெயர் வைத்தார். வஜ்ர சிகரம் என்பது பொருள். அந்தப் பெயரை எடுத்த சூத்திரத்தின் தலைப்பிலேயே யோகம், யோகி இரண்டு சொற்களும் இருக்கின்றன. ஜப்பானிய உச்சரிப்பில் யுகா, யுகி. குக்காய் நிறுவிய ஷிங்கோன் பௌத்த மரபில் யோகம் என்றால் உடல், வாக்கு, மனம் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒன்றில் நிறுத்துவது. கை முத்திரை பிடிக்கும், வாய் மந்திரம் சொல்லும், மனம் உருவத்தைப் பிடித்திருக்கும். மூன்றில் ஒன்று நழுவினாலும் அது யோகம் ஆகாது.

நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. இந்த மரபின் குருபரம்பரையில் வரும் வஜ்ரபோதி, காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலத்தில் கடல்வழியாகச் சீனா போன தென்னிந்தியர் என்று சீன நூல்கள் சொல்கின்றன. 741-இல் சீனத்திலேயே மறைந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுயிகுவோ, அவரிடம் கற்க 804-இல் கப்பலேறியவர் குக்காய். அந்தக் கப்பல் பயணங்களில் போனவை என்ன என்பது காலை ஹோமத்தில் உட்கார்ந்தால் தானே புரியும்.

போகும் வழி எளிது. ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் கோயா பாதையில் ஏறினால், விரைவு வண்டியில் சுமார் 80 நிமிடத்தில் கொக்குராக்குபாஷி. அங்கிருந்து செங்குத்தாக ஏறும் கேபிள் கார் ஐந்து நிமிடம். மேலே நிலையத்திலிருந்து ஊருக்குள் பேருந்தில்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் நடக்க அனுமதியில்லை. இதில் பலரும் செய்யும் தவறு, காலையில் கியோத்தோவைச் சுற்றிவிட்டு மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்வது. கோயிலில் இரவு உணவு ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும். மாலைத் தியானம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். வாசல் கதவையும் ஒன்பது மணி வாக்கில் சாத்திவிடுவார்கள். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் அறைக்கு வந்துவிடாதவர்கள் கொடுத்த காசில் பாதியை வழியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்த மாலைத் தியானம்தான் அஜிகான். 'அ' என்ற எழுத்தைத் தியானிப்பது. எதிரே ஒரு தொங்கு ஓவியம் இருக்கும்: வெள்ளை நிலவு வட்டம், அதற்குள் எட்டிதழ்த் தாமரை, தாமரைமேல் சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் பொன்னிற அகரம். வட்டத்தின் அளவு ஒரு முழம் என்பது மரபு. எழுத்துகளுக்கெல்லாம் முதலானது அகரம்; சமஸ்கிருதத்தில் இல்லை என்று மறுக்கும் முன்னொட்டும் அதுவே. அதனால் பிறப்பில்லாத ஒன்றுக்கு, ஷிங்கோன் சொல்லும் மூல புத்தர் மகாவைரோசனருக்கு, அதையே அடையாளமாக வைத்தார்கள்.

செய்முறை இப்படி. மூன்று முறை வணங்கி மெத்தை மேல் உட்கார வேண்டும். அரைப் பத்மாசனம் போதும். இடது உள்ளங்கைமேல் வலது கை, இரண்டு கட்டைவிரல் நுனிகளும் தொட்டபடி, தொப்புளுக்குக் கீழே. உடம்பை மெல்ல இடவலமாக அசைத்து நடுவில் நிறுத்த வேண்டும். வாயால் இரண்டு மூன்று முறை மூச்சை முழுதாக வெளியே விட்டு, பிறகு மூக்கால் மட்டும். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. அடுத்து, மூச்சு வெளியேறும்போது 'அ' என்று நீளமாகக் குரல் எழுப்ப வேண்டும். குரல் தேய்ந்து மௌனமானதும் பாதிக் கண்ணால் நிலவை நோக்கி, கண்ணை மூடி அதை நெஞ்சுக்குள் கொண்டுவர வேண்டும். உள்ளே வந்த நிலவை அறை அளவு, மலை அளவு, வானளவு விரித்து, அதே வரிசையில் சுருக்கி மறுபடி ஒரு முழத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியாக இரு கைகளாலும் தலையிலிருந்து பாதம் வரை தடவிவிட்டு எழலாம்.

கோட்டை விடும் இடங்கள் இரண்டு. மெத்தையின் நடுவில் உட்கார்ந்தால் முழங்கால் தூக்கிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். பிட்டத்தை மெத்தையின் முன்பாதியில் மட்டும் வைத்தால் முழங்கால் இரண்டும் தரையில் படும், முதுகு தானே நிமிரும். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். இரண்டாவது, எண்ணிக்கை படியாத முன்பே நிலவை விரிக்கப் போவது. அப்படிப் போனால் தூக்கம்தான் வரும். எண்ணிக்கை தவறினால் வெட்கப்படாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் முழுக்க எண்ணிக்கையோடே நின்றாலும் நஷ்டமில்லை. விரித்ததைச் சுருக்காமல் எழக்கூடாது என்பதில் ஆசிரியர்கள் கறாராக இருக்கிறார்கள். அந்தக் கறார் பிடித்திருக்கிறது.

அஜிகான் எல்லாக் கோயிலிலும் இல்லை. ஏகோயின் கோயிலில் மாலையில் ஆங்கில விளக்கத்தோடு நடக்கிறது. கொங்கோபுஜியிலும் பருவத்தைப் பொறுத்து வாரக் கடைசியை ஒட்டிய நாட்களில் உண்டு. முன்பதிவு செய்யும்போது தோட்டம் எப்படி, அறைக்குள் குளியலறை உண்டா என்று கேட்பதற்கு முன், அஜிகான் உண்டா, காலையில் கோமா என்ற ஹோமம் உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தோட்டம் எந்தக் கோயிலிலும் அழகாகத்தான் இருக்கும்.

சாப்பாடு ஷோஜின் ரியோரி. இறைச்சி, மீன் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. ஜப்பானில் சைவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை, காய்கறிக் குழம்பிலும் காய்ந்த மீன் சீவலை வேகவைத்த சாறு இருப்பது. இங்கே கடற்பாசியும் ஷிதாக்கே காளானும் ஊறிய சாறு. சிவப்பு, கறுப்பு அரக்குத் தட்டுகளில், சிறு கிண்ணங்களாக அறைக்கோ கூடத்துக்கோ கொண்டுவந்து வைப்பார்கள். எள் தோஃபுவை முதலில் எடுங்கள். தோஃபு என்றால் சோயாப்பால் கட்டி, ஆனால் இதில் சோயாவே இல்லை; அரைத்த எள், குசுக் கிழங்கு மாவு, தண்ணீர் மூன்றையும் கைவிடாமல் கிளறி இறுக்கியது. சரியாகக் கிளறியது என்றால் கரண்டி பட்டதும் அறுபடாமல் கொஞ்சம் இழுபடும், நாக்கில் கரைந்த பிறகே எள் மணம் எழும். மேலே ஒரு துளி வசாபி. கோயா தோஃபு வேறு வகை: குளிரில் உறைய வைத்து உலர்த்திய தோஃபு, பஞ்சு போலச் சாறு குடித்து நிற்கும். நம் நாக்குக்கு இந்த உணவு உப்பும் காரமும் குறைவாகத்தான் தெரியும். ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பிரிக்காமல் இரண்டு வேளை பொறுத்தால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி ருசி இருப்பது பிடிபடும். ஊருக்குள் உணவகங்களில் சாப்பிடும்போது மட்டும் மீன் சாறு பற்றித் திரும்பவும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறை தாத்தாமிப் பாய் விரித்தது. செருப்போடு மிதிக்கக்கூடாது, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடாதீர்கள். யுகாத்தா என்ற பருத்தி அங்கியை அணியும்போது இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு. குளியல் பெரும்பாலும் பொது. ஆண், பெண் தனித்தனி, உடை எதுவும் இல்லாமல். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு முழுதாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். இதற்குத் தயங்குபவர்கள் அறைக்குள்ளேயே குளியலறை உள்ள கோயிலைத் தேட வேண்டும், விலை கூடும்.

காலை ஆறு, ஆறரை மணிக்கு மூலக் கூடத்தில் பாராயணம் தொடங்கும். சில கோயில்களில் ஏழு. நெடுநேரம் ஒரே சுருதியில் ஓதுவார்கள். கவனமாகக் கேட்டால் சொற்கள் பிடிபடும். பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தின் முடிவில் 'கதே கதே' என்பது 'க்யாதேய் க்யாதேய்' ஆகவும் 'ஸ்வாஹா' என்பது 'சோவாகா' ஆகவும் ஒலிக்கும்.

கோமா உள்ள கோயிலில் அடுத்தது அதுதான். கோமா என்பது ஹோமம் என்ற சொல்லேதான். ஏகோயினில் தினமும் காலையில் நடக்கிறது. முந்தின மாலையே வரவேற்பிடத்தில் சில நூறு யென் கொடுத்து ஒரு மரச்சட்டம் வாங்கி, பெயரும் வேண்டுதலும் எழுதிக் கொடுக்கலாம். தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். குண்டத்தின் முன் உட்காரும் குரு சட்டங்களை அடுக்கித் தீ மூட்டி, நீண்ட கைப்பிடியுள்ள இரண்டு கரண்டிகளால் எண்ணெயும் தானியமும் வார்க்கிறார். முதல் ஆகுதி அக்னிக்கு. 'ஓன் அக்யனாவேய் சோவாகா' என்று அவர் முணுமுணுப்பது 'ஓம் அக்னயே ஸ்வாஹா'தான். முழு முறையில் ஐந்து சுற்று. கடைசிச் சுற்றில் இந்திரன், யமன், வருணன், பிரம்மா எல்லோரும் ஜப்பானியப் பெயர்களோடு வருகிறார்கள். உடன் இருப்பவர்கள் பெரிய முரசை அடித்து மந்திரம் ஓத, தீ ஆளுயரம் எழும். மொத்தம் அரை மணி நேரம். அந்த முரசொலி காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில் அதிகம் கேட்கும்.

புகை உண்டு. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வாசல் ஓரமாக உட்கார்வது நல்லது. படம் எடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பகலில் குக்காயின் சமாதி இருக்கும் ஒக்குனோயின். இரண்டு கிலோமீட்டர் தேவதாரு மரப்பாதை, இருபுறமும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். குக்காய் 835-இல் சமாதி அடைந்தார், இறக்கவில்லை, இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது இம்மலையின் நம்பிக்கை. ஜீவ சமாதிகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இச்சினோஹாஷி பாலத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். பேருந்தில் பின்வாசல் வரை போய் இறங்குபவர்கள் பழைய பாதையின் பாதியை இழக்கிறார்கள். வழியெங்கும் ஐந்தடுக்குக் கல்தூண்கள் நிற்கும்: சதுரம் நிலம், உருண்டை நீர், கூரை நெருப்பு, அரைவட்டம் காற்று, நுனிமணி ஆகாயம். கோபியோபாஷி பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக்கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். தினம் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் குக்காய்க்கு உணவு போகிறது. வெள்ளை மரப்பெட்டியை இருவர் சுமக்க, மூத்த துறவி முன்னே நடப்பார். ஆறு மணி ஊர்வலம் கோயில் பாராயணத்தோடு மோதும்; பத்தரை மணியே வசதி.

நேரம் இருந்தால் தாய்ஷி கியோகாய் மண்டபத்தில் ஜுகாய் பெறலாம். இருட்டிய கூடத்தில் அரை மணி நேரத்தில் கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை முதலான பத்து விரதங்களை ஏற்கும் சடங்கு. ஜப்பானிய மொழியில் மட்டுமே நடக்கும், ஆனாலும் நிறைவானது.

குறைகளும் உண்டு. இரண்டு வேளை உணவோடு ஒருவருக்கு ஓரிரவு பதினைந்தாயிரம் யென்னுக்குக் கீழே இப்போது அரிது. நல்ல அறை என்றால் இரண்டு மடங்கும் ஆகும். தனியாக வருபவர்களைச் சில கோயில்கள் ஏற்பதில்லை. சுவர்கள் காகிதக் கதவுகள். பக்கத்து அறையின் குறட்டை தப்பாது. மலை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம், டிசம்பர் முதல் மார்ச் வரை சுழியத்துக்குக் கீழே போகும், மூலக் கூடத்தில் சூடேற்றும் கருவி போதாது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இல்லாமல் குளிர்காலப் பாராயணத்தில் உட்காராதீர்கள். கால் விறைத்தால் மனம் அகரத்தில் நிற்காது. அக்டோபர் கடைசியில் இலை சிவக்கும் நாட்களுக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். மே மாதம் அமைதி, ஆனால் மாதத் தொடக்க விடுமுறை வாரத்தைத் தவிருங்கள்.

ஓரிரவு போதாது. முதல் மாலை அஜிகானில் கால்களை எங்கே வைப்பது என்பது மட்டுமே தெரியும், முதல் காலை ஹோமத்தில் தீயை மட்டுமே பார்ப்பீர்கள். இரண்டு இரவுகள் ஒரே கோயிலில் தங்குங்கள். இரண்டாம் நாள் மாலை எண்ணிக்கை பத்தைத் தொடும், மறுநாள் காலை 'சோவாகா' என்று வாய் தானாகச் சேர்ந்து சொல்லும். மூன்றாம் நாள் பத்தரை மணிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினால், பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் நம்பாவில் இருக்கலாம்.