முழங்கால் வலிக்கு ஒளிச் சிகிச்சை: லேசர், எல்இடி பலகை, அகச்சிவப்பு விளக்கு

மூட்டுக்கும் தசைக்கும் ஒளியால் நிவாரணம் தேடுவோருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: இயன்முறை மருத்துவர் கையாளும் லேசர், வீட்டில் மாட்டிக்கொள்ளும் எல்இடி பலகை, வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ள அகச்சிவப்பு விளக்கு. இவற்றில் விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தோலைச் சூடாக்கி, வெந்நீர் ஒத்தடம் தரும் இதத்தைத் தருகிறது. அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இராது.

மற்ற இரண்டும் சூட்டை நம்பியவை அல்ல. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழிக்கப்பட்ட எலிகள்மீது ரூபி லேசரைப் பாய்ச்சியபோது அவ்விடத்தில் மயிர் விரைவாக முளைத்ததைக் கண்டார். இந்தத் துறை அங்கிருந்து வளர்ந்தது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி ஒளியை உட்கொள்வதே விளைவுக்குக் காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி பெரும்பாலும் தோலை ஒட்டியே உட்கவரப்பட்டுவிடும். 810 முதல் 850 வரையிலான அண்மை அகச்சிவப்பு அதைவிட ஆழமாகச் செல்லும் என்பதால், மூட்டுக்கு அதுவே பொருத்தமானது.

முழங்கால் தேய்மானத்தில் நல்ல சான்று இருப்பது லேசருக்குத்தான். 2019இல் பிஎம்ஜே ஓப்பன் மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 22 சோதனைகளையும் 1063 நோயாளிகளையும் உள்ளடக்கியது. நூறு மில்லிமீட்டர் வலி அளவுகோலில், போலிச் சிகிச்சையைவிட லேசர் சுமார் 14 மில்லிமீட்டர் கூடுதலாக வலியைக் குறைத்தது. பரிந்துரைக்கப்பட்ட அளவில் கொடுத்த சோதனைகளை மட்டும் எடுத்தால் அது சுமார் 19 ஆக உயர்ந்தது. அந்த அளவு, 785 முதல் 860 நானோமீட்டர் லேசருக்குப் முனையை வைக்கும் புள்ளி ஒன்றுக்கு 4 முதல் 8 ஜூல் (ஆற்றலின் அலகு). 904 நானோமீட்டருக்கு 1 முதல் 3 ஜூல். ஆக, பலன் கொடுக்கும் ஒளியின் அளவைப் பொறுத்தது.

எல்இடி பலகையின் சிக்கலும் அளவில்தான் இருக்கிறது. விற்பவர்கள் பெரிதாக அச்சிடும் 'வாட்' எண், தோலில் விழும் ஒளியின் அளவன்று. சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் ஒளி விழுந்தால் இரண்டு நிமிடத்தில் 6 ஜூல் சேரும். பலகையை விட்டுத் தள்ளி உட்கார உட்கார இந்தக் கணக்கு சரியும். லேசரின் முனையைத் தோலில் அழுத்திப் பிடிப்பதால் இந்த இழப்பு அங்கே குறைவு. எனவே, லேசர் ஆய்வின் முடிவைத் தன் பலகையின் சாதனையாகக் காட்டும் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி என்ற வரியும், பெரும்பாலும், ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு நிகரானது என்ற அளவிலேயே பொருள்படும்.

தொடை போன்ற பெரிய தசைகளில் நிலைமை வேறு. புள்ளி புள்ளியாக லேசர் வைப்பது அங்கே நேரத்தை விழுங்கும். பரந்த இடத்தை ஒரே வேளையில் மூடும் எல்இடிக்கு அங்கே உண்மையான அனுகூலம் உண்டு. ஆனால் விளையாட்டு வீரர்களிடம் நடந்த சோதனைகளில் பலவும், எல்இடியும் லேசரும் சேர்ந்த கொத்து முனையைத் தோலோடு ஒட்டி, பயிற்சிக்கு முன்பே கொடுத்தவை.

முழங்காலுக்கு என்றால், செலவு கட்டுப்படியாகும்வரை, அளவைக் குறித்துவைத்துக் கொடுக்கும் இயன்முறை மருத்துவரிடம் லேசரையே தேர்வேன், அதுவும் உடற்பயிற்சிக்குத் துணையாக மட்டும். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு உறுதியாகப் பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சியும் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத கற்றை விழித்திரையைச் சுடும் என்பதால், லேசர் இயங்கும்போது நோயாளியும் மருத்துவரும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை அணிந்திருக்க வேண்டும்.