திங்க்பேட் டி480: ரேம் விலை ஏறியபின் செகண்ட்ஸ் லேப்டாப் வாங்குவோருக்கு

லெனோவோ திங்க்பேட் டி480, 2018 தொடக்கத்தில் வந்த எந்திரம். ஐ.டி. கம்பெனிகளில் சில வருடம் உழைத்துவிட்டு, லாட் லாட்டாகக் கைமாறி, சென்னை ரிச்சி தெருவுக்கும் அங்கிருந்து வேலூர், காட்பாடிக் கடைகளுக்கும் வந்து சேர்கிறது. இவ்வளவு வயதான சரக்கைப் பற்றி இப்போது எழுதக் காரணம், ரேம் விலை.

உலகத்துக்கு வேண்டிய மெமரி சிப்பில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. ஏஐ சர்வர்களில் வைக்கும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரிக்கு நல்ல காசு கிடைப்பதால் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். லேப்டாப்புக்குப் போகும் சாதாரண ரேமுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025இன் பிற்பாதியில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சில்லறைக் கடைகளில் பலரும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய குருஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. "8 ஜிபியோட எடுத்துக்கோங்க சார், அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னது அதுவரைக்கும் நல்ல யோசனைதான். இப்போது செலவே அந்த 'அப்புறத்தில்' தான் இருக்கிறது. ஏற்கெனவே 16 ஜிபி உள்ளே உட்கார்ந்திருக்கும் பழைய எந்திரத்தை எடுத்தால் ரேமைப் பாதி விலைக்கு வாங்கியது போல.

பழைய லேப்டாப் எத்தனையோ இருக்க டி480 ஏன்? இதில் ரேம் ஸ்லாட் இரண்டு, இரண்டுமே கழற்றி மாட்டக்கூடியவை. மெல்லிசாக இருக்கும் டி480எஸ், அடுத்து வந்த டி490 இரண்டிலும் ஒரு ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும். அது போனால் போர்டே போனது. இன்னொரு பக்கம் டி470, பார்க்க டி480க்கு இரட்டைப் பிறவி. அதில் இருப்பது அதற்கு முந்தைய தலைமுறை செயலி, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால் இதை அலட்சியமாக விட முடியாது. மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல், டாஸ்க் மேனேஜரில் செயலியின் பெயரைப் பாருங்கள்: ஐ5-8250யு, ஐ5-8350யு, ஐ7-8550யு, ஐ7-8650யு. எண் 8இல் தொடங்க வேண்டும். ஐ7க்காகக் கூடுதலாக 3,000, 4,000 கேட்டால் வேண்டாம். நான்குக்கும் நான்கே கோர்தான், அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது.

கடையில் முதலில் செய்ய வேண்டியது, எந்திரத்தை அணைத்து மறுபடி ஆன் செய்து எஃப்1 விசையை அழுத்துவது. விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், போகாது. லெனோவோவின் முறையான வழி போர்டை மாற்றுவதுதான்.

அடுத்தது இதைவிட நயமான கண்ணி. விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லுங்கள், செய்யும்போது உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இணைத்து வையுங்கள். புதிதாக அமைக்கும் திரையில் ஏதாவது ஒரு கம்பெனி பெயர் வந்து 'வரவேற்கிறோம், அலுவலக மின்னஞ்சலைத் தாருங்கள்' என்று நின்றால், அந்த எந்திரம் இன்னும் ஆட்டோபைலட் பதிவில், அதாவது கம்பெனிகள் தங்கள் எந்திரங்களை மைக்ரோசாஃப்டிடம் பதிந்துவைக்கும் பட்டியலில், இருக்கிறது. இணையம் இல்லாமல் அமைத்தால் இது தெரியாது. வாங்கி ஆறு மாதம் கழித்து ஒருநாள் ரீசெட் செய்யும்போதுதான் பூட்டு விழும். பதிவு இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில் என்பதால் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் திரும்ப வரும். ரீசெட்டுக்கு அரை மணி, முக்கால் மணி ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மூன்றாவது, இடது பக்கம் இருக்கும் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள். இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். மின்னல் குறி போட்டது தண்டர்போல்ட் துளை. அதன் சிப்புக்கு ஆரம்பத்தில் வந்த ஃபர்ம்வேரில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) குறை இருந்து, நாளடைவில் துளை செத்துப்போவது இந்த மாடலின் ஊரறிந்த வியாதி. லெனோவோ 2019இலேயே அதற்கு அப்டேட் விட்டது. ஆனால் கம்பெனியில் யாரும் போடாமல் விட்ட எந்திரங்கள் நிறைய. விற்பவர் எப்போதும் ஒரே துளையில் செருகிக் காட்டினால் அடுத்ததில் நீங்களே செருகிப் பாருங்கள். இரண்டும் வேலை செய்தால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லெனோவோவின் வான்டேஜ் என்ற செயலி மூலம் அந்த ஃபர்ம்வேரைப் போட்டுவிட வேண்டும்.

ரேமுக்கு டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதி. அங்கே இரண்டில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8ம் 8மாக இருப்பது மேல். டிடிஆர்4-2400 ரேமில் ஒரு குச்சி மட்டும் என்றால் தரவு போய்வரும் வேகம் நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டு குச்சி போட்டால் 38.4. தனி கிராஃபிக்ஸ் இல்லாத எந்திரத்தில் திரையும் அதே ரேமைத்தான் தின்கிறது, அதனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டியில் ஒரு நுணுக்கம். முதலில் ஹார்ட் டிஸ்கோடு வந்த டி480களில் கேபிள் வேறு. அதில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி போட, அதற்கான தட்டும் கேபிளும் தனியாக வாங்க வேண்டும். கடைகளில் அந்தச் சிரமம் படாமல் வேகம் குறைந்த 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைத் திணித்துவிடுவார்கள். அதில் மோசம் ஒன்றுமில்லை, என்விஎம்இ என்று சொல்லி விலை வாங்காதவரை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டால் எந்த வகை, எத்தனை சதவீதம் ஆயுள் மிச்சம் என்று ஒரே திரையில் வந்துவிடும்.

இனி நம்மூர் வெயில். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மின்விசிறியே அனல் வீசும்போது, செயலியின் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்துபோன பழைய லேப்டாப் திணறத்தான் செய்யும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, நான்கைந்து தாவல்களில் யூடியூப் வீடியோவைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். 8250யு செயலியின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4. பத்து நிமிடம் கழித்து வெப்பம் 95 டிகிரியைத் தாண்டி, வேகம் 1.6க்கும் கீழே சரிந்தால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது, இல்லை பேஸ்ட் தீர்ந்திருக்கிறது. இதற்காக எந்திரத்தை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசலாம். வேலை சுலபம்: பயாஸில் பவர் பகுதிக்குப் போய் உள் பேட்டரியை முடக்கவும், வெளி பேட்டரியைக் கழற்றவும், அடியில் ஆறு ஸ்க்ரூவைத் தளர்த்தவும். அவை கழன்று விழாது, மூடியிலேயே நிற்கும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்திக் கொக்கிகளை விடுவிக்க வேண்டும். நெம்பினால் கொக்கி ஒடியும். ஹீட்சிங்க் ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்காமல் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு போதும்.

பேட்டரி விஷயத்தில்தான் இந்த மாடல் மற்றதை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறது. உள்ளே 24 வாட்-ஹவர், பின்னால் கழற்றக்கூடியது ஒன்று. பின் பேட்டரி 24, 48, 72 என்று மூன்று அளவில் வரும். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், அணையாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்திச் சாயந்திரம் விடும் நாளில் இதன் அருமை தெரியும். கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்று அடித்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக, செய்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் வரும். முதலில் வெளி பேட்டரி தீர்ந்த பிறகே உள் பேட்டரியைத் தொடும் என்பதால் உள்ளது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். உள்ளே 24, வெளியே 48 என்றால் மொத்தம் 72 வாட்-ஹவர். 80 சதவீதம் மிச்சம் என்றால் 57.6. மணிக்கு 8 வாட்-ஹவர் செலவு என்று வைத்தால் ஏழு மணி நேரம். பெரிய பேட்டரி கீழே புடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தும். பைக்குள் இடிக்கும், ஆனால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும்.

கீபோர்டு நன்று. திரை 1366 அகலம் உள்ளது என்றால் வேண்டாம், 1920 உள்ளதையே கேளுங்கள். அதுவும் வெயிலில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் கிடையாது.

'ஏஐ வேலைக்கு ஏஐ லேப்டாப்தான் வேணும்' என்று இப்போது புதுச் சரக்கோடு சொல்கிறார்கள். கோபைலட் பிளஸ் பிசி என்ற முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனை 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு (40 டாப்ஸ்) போடும் என்பியு என்ற ஏஐக்கான தனிப் பகுதி. அது இல்லாவிட்டால் திரையில் பார்த்ததைப் பதிந்துவைத்துப் பிறகு தேடித் தரும் ரீகால் போன்ற சில விண்டோஸ் வசதிகள் கிடைக்காது. சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி மூன்றும் எங்கோ ஒரு சர்வரில் ஓடுபவை. உங்கள் பக்கம் ஓடுவது குரோம் மட்டும். குரோமுக்குத் தேவை ரேம்.

தமிழில் உண்மையாகவே உதவும் இரண்டைச் சொல்லலாம். ஒன்று கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மைக் பெட்டி வரும், மொழியில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் நன்றாக எழுதுகிறது. 'வந்துகினு கீறேன்' என்று நம்மூர்ப் பேச்சில் ஆரம்பித்தால் தடுமாறும். 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் புள்ளி வைக்காது, அந்தச் சொல்லையே எழுதி வைக்கும். நிறுத்தக்குறிகளைக் கையால்தான் போட வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி வேகமாக ஓடினால் லேப்டாப் மைக் அதையும் சேர்த்துப் பிடிக்கும், மைக் உள்ள இயர்போன் செருகுவது நல்லது.

இன்னொன்று, பழைய அச்சுத் தாளைப் படம் எடுத்து எழுத்தாக்குவது. படத்தை 2 எம்பிக்குள் சுருக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, 'கூகுள் டாக்ஸில் திற' என்றால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். துணைக்காலும் 'ர'வும் மாறுவது, ன-ண குழப்பம் இரண்டையும் கண்ணால் ஒருமுறை ஓட்டித் திருத்த வேண்டும். கிரயப் பத்திரம், பட்டா போன்றவற்றை இப்படி எடுத்து ஏஐயிடம் 'சுருக்கிச் சொல்' என்று கொடுக்கிறார்கள். சாரம் சரியாக வரும், எண்ணில் சறுக்கும். பட்டாவில் 0.12.5 என்றிருந்தால் அது 12.5 ஏர்ஸ், அதாவது 1,250 சதுர மீட்டர், 31 சென்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு புள்ளி இருப்பதைப் பார்த்து மிரண்டு, ஏஐ 12.5 ஹெக்டேர் என்று சொன்னால் ஒரே வரியில் நிலம் நூறு மடங்கு பெருகிவிடும். சர்வே எண்ணையும் பரப்பையும் மூலத் தாளோடு ஒத்துப் பார்க்காமல் எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

இணையம் இல்லாமல் டி480க்குள்ளேயே ஏஐ ஓட்ட ஆசைப்படுவோர்க்கு: 16 ஜிபியில் 3, 4 பில்லியன் பாராமீட்டர் அளவுள்ள, சுருக்கிய சின்ன ஏஐ மாடல் ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் பல துண்டாக உடைத்து எழுதுவதால், ஆங்கிலத்தில் நடக்கிற வேகம் தமிழில் தவழும். விளையாட்டுக்குச் சரி.

கட்டணத்திலும் ஒரு கண் வேண்டும். ஜெமினியின் கட்டணத் திட்டத்தை ஜியோ 18 மாதமும், பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணத் திட்டத்தை ஏர்டெல் ஒரு வருடமும், 'சாட்ஜிபிடி கோ' என்ற திட்டத்தை ஓபன்ஏஐ ஒரு வருடமும் இலவசம் என்று 2025இல் அள்ளிக் கொடுத்தன. 'கோ' திட்டத்தின் வழக்கமான விலை அப்போது மாதம் 399 ரூபாய். சேரும்போது யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால், உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, இலவசக் காலம் முடியும் முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

விலைக்கு வருவோம். 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1920 திரை, லெனோவோ 65 வாட் சார்ஜர் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் போனால் விட்டுவிடலாம். 8 ஜிபி எந்திரத்தை 14,000க்குக் காட்டினால் மலிவு என்று மயங்க வேண்டாம், இன்னொரு 8 ஜிபி குச்சியின் இன்றைய விலையைக் கூட்டிப் பாருங்கள். காட்பாடியில் ரயிலேறி 130 கிலோமீட்டர் போய் ரிச்சி தெருவில் வாங்கினால் கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே பலரும் தருவது டெஸ்டிங் வாரன்டி மட்டும், கோளாறு என்றால் மறுபடி ரயில். உள்ளூரில் 1,000 கூடக் கொடுத்து, மூன்று மாத வாரன்டியும் சீரியல் நம்பர் எழுதிய பில்லும் வாங்குவது லாபம். பேட்டரிக்கு மட்டும் எவரும் வாரன்டி எழுதித் தருவது அபூர்வம், ஆகவே விலை பேசி முடிக்கும்வரை அந்த பேட்டரி ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தே வைத்திருங்கள்.