மெல்பர்னுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: வானிலைச் செயலியும் மழை ரேடாரும்

சென்னையிலிருந்து மெல்பர்னுக்குக் குடிவந்த புதிதில், காலையில் சன்னல் வழியே வானத்தைப் பார்த்து அன்றைய உடையை முடிவு செய்யும் பழக்கம் என்னிடம் இருந்தது. எட்டு மணிக்கு நல்ல வெயில் அடிக்கும், ரயில் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் சாரல் அடித்துக் கால்சட்டை நனைந்துவிடும், மதியம் வியர்க்கும், மாலையில் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவேன். இரண்டு குடைகள் காற்றில் கம்பி முறிந்து போன பிறகுதான், அலுவலக நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டு, ஆஸ்திரேலிய அரசின் வானிலை ஆய்வு மையம் இலவசமாகத் தரும் செயலியைக் கைப்பேசியில் நிறுவினேன். மூன்று ஆண்டுகளாக அதை அன்றாடம் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர் வானிலையின் போக்கைப் புரிந்துகொண்டால்தான் செயலியின் அருமை விளங்கும். வடக்கே கண்டத்தின் உட்பகுதியில் வறண்ட நிலம். தெற்கே அண்டார்டிகா வரை விரிந்த கடல். கோடையில் வடக்குக் காற்று அனல் போல வீசிக்கொண்டிருக்கும்போது மேற்கிலிருந்து ஒரு குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்து சேர்ந்தால், காற்று தென்மேற்குக்குத் திரும்பி, ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். கொடியில் உலரும் துணி எதிர்த் திசைக்குப் படபடக்கத் தொடங்குவதே அதற்கு முதல் அடையாளம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால் இங்கே சுமார் 650 மி.மீ.தான். ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் கொட்டித் தீர்ப்பது போல அல்லாமல், அந்தக் குறைந்த மழை ஆண்டு முழுவதும் தூறலாகவும் பத்து நிமிடச் சாரலாகவும் பிரிந்து பெய்கிறது. ஆகவே இன்று மழை உண்டா என்று கேட்பதைவிட எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் பயன் தரும்.

அந்தக் கேள்விக்கு விடை தருவது மழை ரேடார். நகரின் மேற்கே லாவர்ட்டனில் உள்ள ரேடார் எடுக்கும் படங்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, அடுத்தடுத்து ஓடுகின்றன. லேசான மழை வெளிர்நீலமாகவும், வலுக்க வலுக்க மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும். பெரும்பாலும் மழை மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும் என்பதால், ஜீலாங் நகரின் மேல் ஒரு நீலப்பட்டை வந்துவிட்டால் எங்கள் பகுதிக்கு அது வந்து சேரச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இங்கு வந்து தங்கியிருந்த என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் இரண்டே நாளில், நீலத் திட்டு கடற்கரையைத் தாண்டியதைப் பார்த்ததும் வடகத்தை உள்ளே எடுத்து வைக்கப் பழகிவிட்டார்.

மணிவாரியான முன்கணிப்பும் நன்றாக இருக்கிறது. வெப்பநிலை எண்ணை மட்டும் பார்க்காமல், காற்றையும் ஈரப்பதத்தையும் கணக்கில் கொண்டு உடல் எவ்வளவு குளிர்ச்சியாக உணரும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். உடையை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புற ஊதாக் கதிர்க் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவை. குளிராகவும் மேகமூட்டமாகவும் இருக்கும் நாளிலும் அது உயர்ந்திருக்கலாம். நம் தோலுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நம்மவர்கள் அலட்சியமாக இருப்பது சரியல்ல.

குறைகளும் உண்டு. ரேடார் அலை தூரம் போகப் போகத் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே செல்வதால், தாழ்ந்த மேகத்திலிருந்து விழும் மெல்லிய தூறல் படத்தில் விடுபடலாம். மெல்பர்ன் என்ற பெயரில் காட்டப்படும் வெப்பநிலை நகர மையத்தை ஒட்டிய ஒலிம்பிக் பார்க்கில் அளக்கப்படுவது. மேற்கே வெரிபியில் இருப்பவருக்கும் கிழக்கே டாண்டினாங் மலைப்பகுதியில் இருப்பவருக்கும் அது பொருந்தாது. மலைப்பகுதியில் மழையும் அதிகம். எனவே உங்கள் புறநகரின் பெயரையே இடமாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

இந்தச் செயலியோடு, அவசரகால எச்சரிக்கைகளைத் தரும் விக்டோரியா மாநில அரசின் விக்எமர்ஜென்சி செயலியையும் நிறுவிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். 2016 நவம்பர் 21 அன்று மாலை வீசிய இடிப்புயலில் புல் மகரந்தம் நுண்துகள்களாகச் சிதறிக் காற்றில் பரவி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கைப் பின்னணி கொண்டவர்கள் கணிசமாக இருந்தனர். அதன் பிறகு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மகரந்தக் காலத்தில் இடிப்புயல் ஆஸ்துமா அபாயம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. வசந்தத்தில் தும்மலும் கண் அரிப்பும் வருபவர்கள், ஊரில் இருந்தவரை ஆஸ்துமாவே இல்லாதவர்களாக இருந்தாலும், மருத்துவரிடம் ஆலோசனை கேட்டு வையுங்கள். அபாயம் அதிகம் என்று அறிவிப்பு வந்த நாள்களில், புயல் வருமுன் வீட்டுக்குள் வந்து கதவு சன்னல்களைச் சாத்திவிடுங்கள். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.