தட்டைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா?

இன்சுலின் போட்டுக்கொண்டே எடை குறைக்க விரும்பும் மதுரைக்காரர்கள், இரவுப் பரோட்டாவைக் குறைப்பதா, வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதா என்று தயங்குகின்றனர்.

செலவு: இரண்டிற்கும் பெரிதாக இல்லை.

எடை: உணவைக் குறைப்பதே விரைவில் பலன் தரும், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காக்க நடை உதவும்.

தாழ்சர்க்கரை: மாவுச்சத்தைக் குறைத்தவர், மருத்துவரிடம் கேட்டு இன்சுலின் அளவை மாற்றாமல் விட்டால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கி, அதைச் சரிசெய்ய உண்ணும் இனிப்பே குறைத்த கலோரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடையிலோ, தொடையில் ஊசி போட்டவுடன் கிளம்பினால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு, சர்க்கரை இறங்கலாம். இறக்கம் இரவுத் தூக்கத்திலும் வரலாம் என்பதால், பையில் 15 கிராம் குளுக்கோஸ் இருந்தால் மட்டும் போதாது, படுக்குமுன் சோதிக்கவும் வேண்டும். (அவசரத்திற்கு ஜிகர்தண்டா உதவாது, அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.)

கலவை இன்சுலினை (விரைவாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் வகைகள் கலந்தது) மாறாத அளவில் போடுபவர்களுக்கு, வேளை தவறாத உணவும் அதன் பின் நடையும் பொருந்தும். உணவுக்கேற்ப அளவை மாற்றக் கற்றவர்கள் தட்டிலிருந்து தொடங்கலாம். பாதத்தில் புண் இருப்பவர்கள், அது ஆறும்வரை நடையைத் தள்ளிவைப்பதே நல்லது.