கலிபோர்னியாவில் உள்வாடகை டெபாசிட்: கடிதமா, கோர்ட்டா?

உள்வாடகை வீட்டைக் காலி செய்தபின் டெபாசிட் திரும்ப வராவிட்டால், அதைக் கேட்க வேண்டியது உங்களிடம் பணம் வாங்கி உள்வாடகைக்கு விட்டவரிடம்; வீட்டு உரிமையாளரிடம் அல்ல.

காலி செய்த 21 நாளுக்குள் மீதிப் பணமும் பிடித்தக் கணக்கும் வரவேண்டும். வராவிட்டால் கடிதம் எழுதுங்கள்: சாவி கொடுத்த தேதி, தொகை, 10 நாள் கெடு எல்லாம் அதில் இருக்கட்டும்; பணம் அனுப்பிய ரசீதின் நகலையும் இணைத்துவிடுங்கள். தபால் செலவுதான். ஆனால் அவர் அசையாவிட்டால் அதற்குமேல் கடிதத்துக்கு வலுவில்லை.

சிறுவழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை கோரலாம். கட்டணம் 30 முதல் 75 டாலர், வக்கீல் வாதாட முடியாது. வேண்டுமென்றே பிடித்துவைத்ததாக நீதிபதி கருதினால், டெபாசிட்டோடு அதைப்போல் இரு மடங்கு வரை கூடுதலாகக் கிடைக்கலாம். இடறுவது அவரிடம் சம்மனைச் சேர்ப்பதில்தான். நீங்களே கொடுக்கக்கூடாது, தபாலில் போனதை அவர் கையெழுத்திட்டு வாங்காவிட்டால் விசாரணை தள்ளிப்போகும். வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய நண்பரை நேரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்கே போவதானாலும் கடிதத்தை விடாதீர்கள். முன்பே பணத்தைக் கேட்டீர்களா என்று மனுப் படிவமே கேட்கும்.