டவ்காட் டிசிங்க்: மெயில்பாக்ஸ்களைப் புது சர்வருக்கு மாற்ற எது சரியான கருவி?

மெயில் சர்வரின் ஹார்ட்வேரை மாற்றும்போது மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங், மெயிலுக்குக் கையொப்பமிடும் டிகிம் சாவி, சான்றிதழ் எல்லாம் எளிதாகவே இடம் மாறிவிடும். உண்மையான வேலை, பயனர்களின் மெயிலைச் சேமித்துத் தரும் டவ்காட் சர்வரின் மெயில்பாக்ஸ்களில்தான். மெயிலை சர்வரில் வைத்தே படிக்கும் ஐமேப் முறையில் ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடி என்ற அடையாள எண், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யூஐடி-வேலிடிட்டி எண் உண்டு. எந்த மெயிலை ஏற்கெனவே இறக்கிவிட்டோம் என்பதைத் தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்கள் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் அறிகின்றன. புது சர்வரில் இவை மாறிவிட்டால் ஒரு மெயில்கூடத் தொலையாது. ஆனால் மறுநாள் காலை அத்தனை பேரின் கணினியும் மொத்த மெயிலையும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில், சர்வரிலும் ஒரு பிரதியை விட்டுவைக்கும் பயனர்களுக்குப் பழையதெல்லாம் இன்னொரு தடவை வந்து விழும்.

அதனால் இந்த வேலைக்கான கருவியை முதலில் இந்த ஒரு விஷயத்தில்தான் சோதிக்க வேண்டும். டவ்காட்டோடு இலவசமாக வரும் டிசிங்க் இதில் தேறுகிறது. யூஐடி, வேலிடிட்டி, படித்தது, நட்சத்திரமிட்டது என எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோகும். பாப்3இல் மெயில்களுக்குத் தரும் அடையாளத்தின் வடிவத்தை இரு பக்கமும் ஒன்றாக வைத்தால் அங்கும் தொல்லை இல்லை. இமாப்சிங்க் நல்ல கருவி, ஆனால் மெயிலை ஐமேப் வழியாகப் புதிதாகச் சேர்ப்பதால் யூஐடி மாறிவிடும். சர்வர் மென்பொருளே வேறு என்னும்போது அதை எடுக்கலாம். டவ்காட்டிலிருந்து டவ்காட்டுக்குப் போக அது தேவையில்லை.

கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் ஆர்சிங்க்? டவ்காட்டை நிறுத்திவிட்டு ஓட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுத்தாமல் இரண்டு மூன்று சுற்று ஓட்டும்போதுதான் ஆபத்து. ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் வடிவத்தில் ஒரு மெயிலைப் படித்தவுடன் அதன் கோப்புப் பெயரின் கடைசியில் ‘எஸ்’ என்ற எழுத்து சேரும். அடுத்த சுற்றில் ஆர்சிங்க் அதைப் புதுக் கோப்பாகவே பார்க்கும். டெலீட் ஆப்ஷன் போடவில்லை என்றால் பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் ஒரே மெயில் இரண்டு இருக்கும். கோப்புகளின் உரிமையாளரைக் குறிக்கும் லினக்ஸ் பயனர் எண்கள் இரு மெஷினிலும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசிங்க் புது சர்வரின் டவ்காட் வழியாகவே எழுதுவதால் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. மெயில்டிரிலிருந்து, பல மெயில்களை ஒரே கோப்பில் வைக்கும் எம்டிபாக்ஸுக்கு மாறுவதென்றாலும் அதே ஓட்டத்தில் மாற்றிவிடும்.

பயன்படுத்தும் முறை: பழைய சர்வரில் டிசிங்கை இயக்கும் ‘டவ்அட்ம் பேக்கப்’ கட்டளையை, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் புது மெஷினை நோக்கி ஓட்டுங்கள். முதலில் ஒரு சோதனைப் பயனர், பிறகு எல்லோரும். முதல் சுற்று நேரம் எடுக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் மாற்றங்கள் மட்டுமே போவதால் விரைவாக முடியும். ஸ்கிரிப்டில், கட்டளை முடியும்போது தரும் எக்சிட் கோட் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 0 என்றால் முழுமை. 2 என்றால் பிழை இல்லை, ஆனால் ஓட்டத்தின் நடுவில் ஏதோ மாறியதால் இரு பக்கமும் முழுதாக ஒத்துப்போகவில்லை. இன்னொரு முறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். 2ஐத் தோல்வியாக எண்ணி நின்றுவிடும் ஸ்கிரிப்டால் பாதிப் பயனர்கள் விடுபட்டுப்போவார்கள்.

இந்தக் கருவியின் பெரிய அபாயம் திசை. பேக்கப் என்பது சேருமிடத்தை மூலத்தின் அச்சாக மாற்றுவது. கட்டளையில் மைனஸ் ஆர் ஆப்ஷன் போட்டால் திசை தலைகீழாகும். இடம் தெரியாமல் அதைப் போட்டால் காலியான புது மெயில்பாக்ஸ் நிறைந்திருந்த பழையதைத் துடைத்துவிடும். மாற்றம் முடிந்த பிறகும் இந்த பேக்கப்பைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் பழைய க்ரான் வேலை ஓடிக்கொண்டிருந்தால், புது சர்வருக்கு வந்த மெயில்கள் மறைந்துபோகும். க்ரானை முதலில் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பழையதில் மெயில் தங்கியிருந்தால் ‘டவ்அட்ம் சிங்க்’ கட்டளையை மைனஸ் 1 ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அது சேருமிடத்தில் இருப்பதை அழிக்காது.

வரும் மெயிலைப் பிரித்துப்போடும் சீவ் வடிகட்டிகள் தானாக வராது. டவ்காட்டின் துணை மென்பொருளான பிஜன்ஹோலின் சீவ் ப்ளகினை கான்ஃபிக்கின் டவ்அட்ம் பகுதியிலும் சேர்க்க வேண்டும். ஆவணத்தில் இது எளிதில் கண்ணில் படாது என்பது எனக்கு நிஜமான குறை.

புது மெஷினில் டெபியன் 13 லினக்ஸ் போடுகிறவர்கள் கவனிக்க: அதில் வருவது டவ்காட் 2.4. 2.3இன் கான்ஃபிக் கோப்பை அப்படியே வைத்தால் சர்வர் எழும்பாது, புதிதாக எழுதவேண்டும். ஹார்ட்வேரையும் பதிப்பையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். உபுண்டு 24.04இல் 2.3தான் இருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது இன்னொன்று: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை வழக்கமாக 16 கேபி இடத்துக்கு ஓர் ஐநோட்தான் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவை) ஒதுக்கும், பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது. சிறிய மெயில்கள் நிறைந்த மெயில்டிர் என்றால் இடம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோகலாம்.

மாற்றும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன் பழைய போஸ்ட்ஃபிக்ஸில் எல்எம்டிபி டெலிவரியை (டவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்கும் வழி) ஒத்திவைத்தால் வரும் மெயில் க்யூவில் காத்திருக்கும். பிறகு அதே க்யூவைப் புது மெஷினின் எல்எம்டிபிக்குத் திருப்பிவிட்டால் போதும். புதியதில் முதல் சில நாள் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ யெஸ் என்று வையுங்கள். தவறான கான்ஃபிக்கால் ஒரு மெயில் நிராகரிக்கப்பட்டாலும் அனுப்பியவரின் சர்வர் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும்.

சரிபார்க்க ‘டவ்அட்ம் மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ்’ கட்டளையை இரு மெஷினிலும் ஓட்டி, ஒவ்வொரு ஃபோல்டரின் மெயில் எண்ணிக்கை, யூஐடி-வேலிடிட்டி, அடுத்த யூஐடி மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்திய பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றலாம்.